காலிப் பலகையின் மேடுகள்

காலியாகக் கிடந்த பலகையைத் தொடுவதற்கு இன்னும் ஒரு விரற்கடை இருக்கும்போதே இயந்திரத்தின் தொடுமுள் நின்றுவிட்டது.

வெறுமனே நின்றிருந்தால் பெரிய மாப்பிள்ளை அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார். ஆனால் அது, எதையோ தொட்டுவிட்டதற்கு அடையாளமாகத் தன்னுள் இருந்த சிறு சுருள்வில் அமுங்க ‘டிக்’ என்று ஒலித்து, தொட்ட உயரத்தைக் கணினிக்கு முறைப்படி அறிவித்துவிட்டு, கடமையைச் செவ்வனே முடித்த நிம்மதியுடன் மேலே எழுந்து அடுத்த புள்ளிக்கு நகர்ந்தது. அங்கே ஒழுங்காக இறங்கிப் பலகையைத் தொட்டது. அதற்கடுத்த புள்ளியில் மறுபடியும் வெறுங்காற்றில் நின்றது. டிக்.

“சனியனே,” என்றார் பெரிய மாப்பிள்ளை, அதற்கு உரிய மரியாதையுடன்.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். வருவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாத மழை வெளியே மேகமாக நின்றது. ஒரு காலத்தில் கார் நிறுத்த ஒதுக்கப்பட்டிருந்த அந்த அறையில், பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே சாம்பல் நிற வெளிச்சம் ஒரு பட்டையாகத் தரையில் கிடந்தது. பழைய எண்ணெயின் நெடியும், அப்போதுதான் பற்றவைத்த சாலிடர் ஈயத்தின் புகையும், ஈரம் குடித்த சுவரின் வாடையும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியே மூக்கில் ஏறின. மனைவியின் தங்கை கணவரான சின்ன மாப்பிள்ளை உயிரோடிருந்தவரை, தம் வீட்டின் இந்த அறையைத் தம்முடைய ‘தொழிற்கூடம்’ என்று சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்ல அந்த மனிதருக்குக் கொஞ்சமும் கூச்சமாக இருந்ததில்லை என்பதுதான் பெரிய மாப்பிள்ளைக்கு இன்றுவரை ஆச்சரியம்.

இயந்திரம் பெரியதல்ல; ஒரு தையல் இயந்திரம் அடைத்துக்கொள்ளும் இடத்தில் அடங்கிவிடும். முன்னும் பின்னும் நகரும் ஓர் அலுமினியப் பலகை, அதற்கு மேலே இடமும் வலமும் மேலும் கீழும் நகரும் ஒரு தலை. தலையில் உளியைப் பொருத்தினால், கணினி சொல்கிற எழுத்தைத் தகட்டில் செதுக்கித் தரும். ஏதோ ஒரு தொழிற்பள்ளி மூடப்பட்டபோது ஏலத்தில் வந்தது. உடம்பு இரும்பு, இன்னும் இரண்டு தலைமுறைக்கு உழைக்கும். மூளைதான் மக்கிப்போயிருந்தது. உடம்பை வைத்துக்கொண்டு மூளையை மாற்றுவதே பெரிய மாப்பிள்ளையின் தொழில். பெரிய பெரிய ஆலைகள் அவரை வணங்கி அழைத்துப் போகும். பயணப்பெட்டி அளவில் இருந்த பழைய கட்டுப்பாட்டுப் பெட்டியை அவர் காலையிலேயே கழற்றிச் சுவரோரம் எறிந்துவிட்டார். அந்த வேலையை இப்போது உள்ளங்கை அளவுள்ள ஒரு பச்சை போர்டு செய்யும். கடைசியாகத் தலையில் ஒரு தொடுமுள்ளைப் பொருத்தி, பலகை சமமாக இருக்கிறதா என்று புள்ளி புள்ளியாகத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார். சமமான இடம் திரையில் நீலமாக விழும். மேடு மஞ்சளாகும். இன்னும் உயர்ந்தால் சிவப்பு.

பலகை மேல் ஒரு தூசிகூட இல்லை. திரையில், நடுவைவிட்டுச் சற்றுத் தள்ளி, மஞ்சள் திட்டுகள் முளைத்துக்கொண்டிருந்தன.

இதற்குப் பெயர் இரைச்சல். பக்கத்தில் ஓடும் மோட்டார் வயரிலிருந்து மின்சாரம் முள்ளின் வயருக்குள் கசிந்து, தொடாததைத் தொட்டதாகப் பொய் சொல்லும். பயிற்சிக்கு வந்த மறுநாளே எவனும் தெரிந்துகொள்ளும் சங்கதி. தெரியாதவர்கள் பேய் என்பார்கள்.

சின்ன மாப்பிள்ளை அப்படித்தான் சொன்னார். சென்ற ஆண்டு மாமனார் வீட்டு விருந்தில், எல்லோரும் கைகழுவிவிட்டு உட்கார்ந்திருந்த நேரத்தில், யாரும் கேட்காமலேயே.

“ஒண்ணுமே இல்லாத இடத்துல உளி உடையுது சகலை. சிரிக்காதீங்க. பலகை மேல யாரோ இருக்காங்க.”

“யாரோ இருந்தா வாடகை வாங்குய்யா. உனக்கு அந்த வருமானமாவது வரட்டும்.”

கூடம் அதிர்ந்தது. சின்ன மாப்பிள்ளையும் சேர்ந்துதான் சிரித்தார். சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய் இயந்திரத்தின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடியவர், பிறகு அதைத் திறக்கவே இல்லை. பெயர்ப்பலகை வேலைகளைத் திருப்பி அனுப்பினார். அதன் பிறகு ஒரு காய்ச்சலில் படுத்தார், எழவில்லை. காரியங்கள் முடிந்த அன்று மச்சினி அந்த இயந்திரத்தைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடப்போவதாகச் சொன்னபோது, பெரிய மாப்பிள்ளை அத்தனை உறவினர் முன்னிலையிலும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“எனக்கு ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை குடும்மா. புதுசு மாதிரி ஆக்கித் தரேன். நீயே உக்காந்து ஓட்டு. உன் புருஷன் பயந்ததுக்கெல்லாம் நாம பயந்துட்டிருக்க முடியுமா?”

அந்த ஞாயிறு இது. இரும்புக்காரர் சாயங்காலம் வருவதாக இருந்தது. அதற்குள் இயந்திரம் பிசகின்றி ஓடினால் வீட்டில் தங்கும். இல்லையேல் வண்டியேறும், அதோடு சின்ன மாப்பிள்ளை சொன்னதே மெய் என்று குடும்பம் முழுவதும் காலகாலத்துக்கும் பேசும். பெரிய மாப்பிள்ளைக்கு வண்டியைப் பற்றிக் கவலையில்லை. இரண்டாவதைத்தான் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது.

முள்ளின் வயரைப் பிடுங்கிவிட்டு, உறை போட்ட நல்ல கேபிளாக மாற்றினார். மோட்டார் வயர்களை ஒதுக்கிக் கட்டினார். எர்த் சரிபார்த்தார். ஒவ்வொரு திருகை முறுக்கும்போதும், இதைச் செய்யத் தெரியாமல் போர்வையைத் தேடிப்போன ஒரு மனிதரை நினைத்து உதட்டைச் சுழித்துக்கொண்டார். பலகையைத் துணியால் துடைத்தார். சில்லென்று, வழவழவென்று, வெறுமையாக இருந்தது. பொத்தானை அழுத்தினார்.

டிக். டிக். டிக்.

மோட்டார்கள் தாழ்ந்த குரலில் முனகின. முள் இறங்குவதும் ஏறுவதும் யாரோ ஒரு மூதாட்டி திருகையில் மாவரைப்பதுபோல அலுப்பில்லாத ஒரு தாளத்துக்கு வந்தன. டியூப்லைட்டின் ரீங்காரம் அந்தத் தாளத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. நல்ல கேபிள் போட்டால் இரைச்சல் மறைய வேண்டும். படம் தெளிய வேண்டும்.

படம் தெளிந்தது.

மஞ்சள் திட்டுகள் இருந்த இடத்தில் இப்போது நான்கு வரப்புகள் ஓடின. மூன்று ஏறத்தாழ ஒரே நீளம், ஓரத்தில் ஒன்று குட்டை. அவை பலகையின் பின்விளிம்பிலிருந்து வந்த ஓர் அகன்ற மேட்டில் போய்ச் சேர்ந்தன. பக்கவாட்டில், தனியாக, ஐந்தாவதாக ஒன்று.

“மாமா, டீ.”

லேப்டாப்பின் மூடியைப் பட்டென்று சாத்தினார். மச்சினி கதவருகில் நின்றிருந்தாள். தம்ளரை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு மூடியையே பார்த்தாள்.

“அவரும் இப்படித்தான் நான் வந்தா எதையாச்சும் மூடுவார்.”

“உன் புருஷனையும் என்னையும் ஒரே தராசுல வைக்காதம்மா.”

“வைக்கல மாமா. வேலை எப்படி இருக்கு?”

“வேலைக்கென்ன? அவர் இழுத்துவிட்ட வயரைப் பிரிக்கத்தான் பாதி நாள் போச்சு. குருவிகூட இதைவிட அழகா கூடு கட்டும்.”

“இரும்புக்காரர் போன் பண்ணார். கிளம்பிட்டாராம்.”

“வரட்டும். வெறும் வண்டிய ஓட்டிக்கிட்டுத் திரும்பிப் போகட்டும்.”

அவள் தம்ளரை அவர் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுப் போனாள்.

அவர் மூடியைத் திறந்தார். படம் அப்படியே இருந்தது. கற்றறிந்தவர், சோதிக்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதவர், ஆகவே சோதித்தார். முள் தொடங்கும் இடத்தை ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளிவைத்தார். இது இயந்திரத்தின் பொய் என்றால், அந்த வடிவமும் கூடவே தள்ளிப்போக வேண்டும். பலகை மேல் மெய்யாகவே ஏதாவது கிடந்தால்தான் அது கிடந்த இடத்திலேயே இருக்கும். கிடக்க அங்கே என்ன இருக்கிறது? ஒரு பிரஷ்ஷை எடுத்துப் பலகையின் குறுக்கும் நெடுக்கும் வீசினார். மயிரிழைகள் எதிலும் தடுக்கவில்லை. அலுமினியத்தில் டியூப்லைட்டின் வெள்ளைக் கோடு முழுதாகத் தெரிந்தது, நடுவில் உடையாமல்.

பொத்தானை அழுத்தினார்.

டீ ஆறி ஆடை கட்டியது. ஷட்டருக்கடியில் கிடந்த வெளிச்சப் பட்டை மெலிந்துகொண்டே வந்தது. எண்ணெய் வாடைக்கும் சாலிடர் வாடைக்கும் நடுவே இன்னொரு வாடை வந்து உட்கார்ந்திருப்பதை அவர் தாமதமாகத்தான் உணர்ந்தார்: வெகுநேரம் பொத்திவைத்திருந்த உள்ளங்கையை விரித்தால் வருமே, அந்தப் புளித்த வியர்வை வாடை. தம் கைகளை முகர்ந்து பார்த்தார். அவருடையது அல்ல.

படம் வரிவரியாக விழுந்தது.

வடிவம் தள்ளிப்போகவில்லை. தன் இடத்திலேயே இருந்தது. இல்லை, அதுவும் சரியில்லை. பின்விளிம்பிலிருந்து முன்னே வந்திருந்தது. மணிக்கட்டுக்குப் பின்னால் முன்கையின் ஒரு துண்டும் இப்போது தெரிந்தது. சற்றுமுன் கவிழ்ந்து கிடந்தது, இந்தத் தடவை மல்லாந்து கிடந்தது. உள்ளங்கையின் பள்ளம் மஞ்சளாக, விரல்நுனிகள் சிவப்பாக, மேல்நோக்கி லேசாக மடங்கியபடி. எதையோ வாங்கிக்கொள்ளக் காத்திருப்பதுபோல.

பலகையின் நட்டநடுவில்.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. செத்தும் இந்த மனிதருக்கு என்னோடு போட்டியா என்ற கோபம். ஆனால் அடுத்த கணமே அந்த ஆறுதலும் போய்விட்டது. சின்ன மாப்பிள்ளையின் விரல்கள் குட்டை. தடித்த, சதைப்பிடித்த விரல்கள். பந்தியில் அதைச் சொல்லியும் பெரிய மாப்பிள்ளை கேலி செய்திருக்கிறார். திரையில் இருந்தவை நீளம். நடுவிரலில் ஒரு மடிப்பு கூடுதலாக இருந்தது. எண்ணிப் பார்த்தார். மறுபடி எண்ணவில்லை.

வெளியே வண்டியின் ஹாரன் கேட்டது.

மச்சினி உள்ளே வந்து ஷட்டரை முழுதாக உயர்த்தினாள். வாசலில் வண்டி நின்றது. இரும்புக்காரர் இறங்காமல் இருக்கையிலேயே சாய்ந்து காத்திருந்தார். வெளிச்சம் வந்ததும் அறை வெறும் அறையாகிவிட்டது. இயந்திரம் வெறும் இயந்திரமாகிவிட்டது. பெரிய மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். இம்முறை லேப்டாப்பை மூட மறந்திருந்தார்.

அவள் திரையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“சொல்லுங்க மாமா. குடுத்துடவா, வச்சுக்கவா?”

குடுத்துடு. ஒரே சொல். நாக்கின் நுனிவரை வந்து உட்கார்ந்திருந்தது. இயந்திரம் வண்டியேறும், இந்த அறை காலியாகும், அவர் வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டுப் படுக்கலாம். ஆனால் அந்தச் சொல்லோடு கூடவே ஒரு கூடமும், அதில் உட்கார்ந்திருந்த அத்தனை முகங்களும் வந்தன. அப்ப அவர் சொன்னது நெசம்தானே? நீங்களே பாத்தீங்களாமே? அந்தக் கேள்வியை இவள்கூடக் கேட்பாள். பெயர்ப்பலகை செதுக்கிப் பிழைத்த ஒருவரின் மனைவி.

“வச்சுக்கோ,” என்றார். “இதுல ஒண்ணுமே இல்ல. திரையில இருக்கே, அது வெறும் இரைச்சல். கிணத்துல கல்லு போட்டா வளையம் வருதுல்ல, அந்த மாதிரி. படிச்சவங்களுக்குப் புரியும்.”

“எனக்குப் புரியலையே மாமா.”

“புரியவேணாம். உக்காந்து ஓட்டினாப் போதும்.”

“நாளைக்கு நான்தானே கைவச்சு தகடு மாட்டணும்?”

“ஆமா.”

“அப்ப இன்னைக்கு நீங்க வைங்க.”

அவள் சத்தம் போடவில்லை. குரலில் சவாலும் இல்லை. அவர் வாழ்நாள் முழுவதும் மற்றவர்கள்மேல் வைத்திருந்த அதே பார்வை அவள் கண்ணில் இருந்தது. மரியாதை குறையாத, இளக்காரமான பார்வை. அதை யாரும் அவர்மேல் வைத்ததில்லை.

“இவ்வளவுதானா?” என்று சிரித்தார். “இந்த முள்ளு தொட்டா நின்னுடும். குழந்தைகூடக் கைவைக்கலாம்.”

வலது கையைப் பலகையின் ஓரத்தில் வைத்தார்.

“அங்க இல்ல மாமா. நடுவுல.”

நடுவில் வைத்தார்.

ஒன்றுமில்லை. அலுமினியத்தின் குளிர்ச்சி மட்டும்தான். மூச்சு தானாக வெளியேறியது. பார்த்தாயா என்பதுபோல அவளைப் பார்த்து, இடது கையால் பொத்தானை அழுத்தினார். முள் வந்தது. அவருடைய சுண்டுவிரலுக்கு மேலே இறங்கியது.

டிக்.

தோலில் படவில்லை. ஒரு விரற்கடை மேலேயே நின்றது.

அடுத்த புள்ளி. டிக். அடுத்தது. டிக். எதுவும் அவரைத் தொடவில்லை. திரையில் வரிகள் விழுந்தன. அவருடைய கை தெரிய வேண்டிய இடத்தில் அவருடைய கை இல்லை. மோதிரத்தின் மேடு இல்லை. இரண்டு பக்கங்களிலிருந்தும் உயர்ந்து, மேலே வந்து, ஒன்றை ஒன்று தழுவிய நீண்ட சிவப்பு வரப்புகள்.

பிறகுதான் எடை தெரிந்தது.

முதலில் ஈரத்துணி விழுந்ததுபோல. பின் அழுத்தம். அவருடைய புறங்கையின் தோல் கோடுகோடாக வெளுத்தது. நரம்பொன்று அமுங்கி மறைந்தது. இழுத்தார். தோள் அசைந்தது. கை அசையவில்லை.

“போதும் மாமா. எடுங்க.”

“பிளக்கப் புடுங்கு.”

“மாமா?”

“புடுங்கும்மா!”

அவள் ஓடிப்போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். போர்டின் விளக்கு அணைந்தது. மோட்டார்களின் முனகல் நின்றது. முள் அவர் கைக்கு மேலே, நின்ற இடத்தில் நின்றது. வாசலில் இரும்புக்காரர் ஏதோ கேட்டார்.

கை வரவில்லை.

கிறீச்.

மோட்டார்களின் முதுகில், கையால் திருப்புவதற்கென்று இயந்திரம் தொழிற்பள்ளியில் இருந்த நாட்களிலேயே பொருத்தியிருந்த சின்னச் சக்கரங்கள். பலகைக்கு ஒன்று. பக்கவாட்டுக்கு ஒன்று. தலையை ஏற்றி இறக்க ஒன்று. மூன்றும் திரும்பத் தொடங்கின. மெதுவாக. ஒரே நேரத்தில்.

மோட்டாரை வெளியிலிருந்து திருப்பினால் அதுவே மின்சாரம் தரும். அவருக்குத் தெரியும். பாடமாகவே நடத்தியிருக்கிறார். அந்த மின்சாரத்தில் பச்சை போர்டின் விளக்கு மங்கலாக உயிர்பெற்றது. அணைந்தது. மறுபடி ஒளிர்ந்தது, சக்கரங்கள் திரும்பத் திரும்ப, யாரோ மூச்சு விடுவதுபோல.

பலகை நகர்ந்து அவர் கையின் நடுப்பகுதியை முள்ளுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தியது. இரண்டு சக்கரங்கள் நின்றன. மூன்றாவது நிற்கவில்லை.

மச்சினி இரண்டு கைகளாலும் அந்தச் சக்கரத்தைப் பற்றினாள். அது அவள் கைகளையும் சேர்த்துத் திருப்பியது.

“மாமா,” என்றாள் மிக மெதுவாக, சக்கரத்தைப் பார்த்தபடியே. “இது மேல கை இருக்கு.”

முள் தோலைத் தொட்டது. டிக் என்றது. தொட்டதும் நிற்கச் சொல்லும் மென்பொருளுக்கு இப்போது அந்தச் சக்கரத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. போர்டின் விளக்கு ஒளிர்ந்தது. அணைந்தது. ஒளிர்ந்தது. முள் இறங்கிக்கொண்டிருந்தது, நல்ல தொழில்காரர் திருப்புவதுபோல, அவசரமே இல்லாமல்.